எட்டாவது பிட்

இணையத்தின் ஆரம்ப காலச் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பல்கலைக்கழகங்களின் குளிரூட்டப்பட்ட அறைகளையும், அங்கே கனத்த கேபிள்களால் பிணைக்கப்பட்டிருந்த யந்திரங்களையும் பற்றி விஸ்தாரமாகப் பேசுகிறார்களேயன்றி, அந்த அறைகளுக்கு வெளியே, அடுக்குமாடி வீடுகளின் கூடத்து மூலைகளில், ஒரு தொலைபேசிக் கம்பியை மட்டும் நம்பி அதே இணையத்தை எட்டிப் பிடிக்க முயன்றவர்களின் பிரயத்தனங்களைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை. நான் பகலில் முதல் கூட்டத்தையும் இரவில் இரண்டாம் கூட்டத்தையும் சேர்ந்தவனாக இருந்தேன். ஒரு கல்விக்கூடத்தின் கணினி ஆய்வறையில் தொழில்நுட்ப உதவியாளன் உத்தியோகம். வீடோ புக்கிட் பாஞ்சாங்கில், பெட்டிர் ரோட்டை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில்.

1990களின் நடுப்பகுதியில் புக்கிட் பாஞ்சாங் என்றால் நகரத்தார் ஏதோ யாத்திரை போகும் இடத்தைப் போலப் பேசுவார்கள். இலகு ரயில் 1999 நவம்பரில்தான் ஓடத் தொடங்கியது; டௌன்டவுன் பாதையின் பெருவிரைவு ரயில் வருவதற்கு 2015 டிசம்பர் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பர் புக்கிட் தீமா ரோட்டில் 170ஆம் எண் பேருந்தைப் பிடித்துத் தேக்காவுக்குப் போய் வருவதே ஒரு மாலைப் பொழுதை விழுங்கிவிடும். மலாயா ரயில் அந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே போய்வந்து கொண்டிருந்தது. அதன் கூவலை 2011இல் தண்டவாளத்தை எடுக்கும்வரை கேட்டோம். இப்படித் தொலைவிலிருந்த ஊரில் இருந்தவனுக்கு, ஆய்வறையில் பகலெல்லாம் பார்த்த மொசைக் உலாவியை இரவில் வீட்டிலும் பார்க்க வேண்டுமென்ற ஆசை பிறந்ததில் ஆச்சரியமில்லை.

மொசைக் 1993இல் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக் கணினி மையம் ஒன்றில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பீனாவும் எழுதியது. அதற்கு முன்பே, 1991இல், செர்ன் ஆய்வகத்தில் நிக்கோலா பெல்லோ என்ற மாணவி எழுதிய வரிமுறை உலாவி ஒன்று இருந்தது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த லின்க்ஸும் இருந்தது. இவை இரண்டும் எழுத்தை மட்டும் காட்டுபவை. எழுத்தை ஒவ்வொன்றாக வாங்கி ஒவ்வொன்றாகத் திரையில் பொறிக்கும் எந்த ஏழை டெர்மினலிலும் ஓடக்கூடியவை. ஆகவே உலாவியைத் தொடர்வரிசைக் கம்பியில் ஓட்டுவது என்பது வலையைப் போலவே பழைய சங்கதிதான். மொசைக்கின் சுபாவம் வேறு. அது எழுத்துக்கு நடுவே படத்தைப் பதித்துக் காட்டியது. அதற்காகத் தன் கீழே ஒரு முழு வலைப்பின்னல் விரிந்து கிடப்பதாகவும், எந்த நேரத்திலும் எத்தனை இணைப்புகளை வேண்டுமானாலும் திறந்து மூடலாமென்றும் அது கருதிக்கொண்டது. என் வீட்டிலோ வலைப்பின்னல் இல்லை. மோடம் ஒன்றும், அதைக் கணினியின் முதுகில் செருகும் சீரியல் போர்ட் ஒன்றும் இருந்தன.

தொடர்வரிசை என்பதை விளக்க அதிக சாஸ்திரம் வேண்டியதில்லை. ஓர் எழுத்தின் எட்டு பிட்டுகள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. தொடக்கத்தைக் குறிக்க ஒன்று, முடிவைக் குறிக்க ஒன்று, ஆகப் பத்து. என் மோடத்தின் வேகம் விநாடிக்கு 14,400 பிட். பத்தால் வகுத்தால் 1,440 எழுத்து. நாற்பதாயிரம் பைட் கொண்ட ஒரு சாதாரணப் படம் வந்து சேர அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். மோசமில்லை என்று தோன்றும். ஆனால் ஒரு பக்கத்தில் அப்படி ஐந்து படங்கள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் மொசைக் தனித்தனியே புதிய இணைப்பைத் திறந்து கேட்டு, எல்லாம் வந்து சேரும்வரை திரையை வெறுமையாகவே வைத்திருக்கும்போதுதான் அந்த அரை நிமிஷத்தின் மெய்யான நீளம் விளங்கும்.

இதற்கு முந்தியே வேறொரு தடங்கல் நின்றது. அப்போது சிங்கப்பூரில் ஆராய்ச்சியாளர்களுக்கென்று டெக்னெட் இருந்தது. 1994இல் பொதுமக்களுக்காக சிங்நெட் வந்தது. எனக்கு வாய்த்திருந்ததோ யூனிக்ஸ் யந்திரம் ஒன்றில் வெறும் ஷெல் கணக்கு. மோடத்தால் அழைத்தால் அந்த யந்திரத்தின் கட்டளை வரி தெரியும். லின்க்ஸை ஓட்டலாம், கடிதம் பார்க்கலாம். அந்த யந்திரம்தான் இணையத்தில் இருந்தது. என் வீட்டுக் கணினி இணையத்தில் இல்லை, அதன் நிழலில் இருந்தது. மொசைக்குக்கு நிழல் போதாது.

இந்த நிலைக்கு அன்று உலகம் கண்டுபிடித்த உபாயங்கள் இரண்டு ஜாதி. ஒன்று, உலாவியையே மாற்றி எழுதுவது. பீட்டர் புரூக்ஸ் என்பவர் 1994இன் இறுதியில் வெளியிட்ட ஸ்லிப்நாட் அந்த ஜாதி. அது ஷெல் கணக்கில் உட்கார்ந்து, அங்குள்ள லின்க்ஸைப் பக்கத்தைக் கொண்டுவரச் சொல்லி ஏவி, பிறகு அந்தக் கோப்பைத் தொலைபேசி வழியாக வீட்டுக்கு இறக்கி, விண்டோஸில் படத்தோடு காட்டியது. சாமர்த்தியமான வேலை; அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். மற்ற ஜாதி உலாவியைத் தொடாமல், அதற்குக் கீழே ஒரு பொய்யை விரித்தது. ஷெல் கணக்கின் பக்கம் டி.ஐ.ஏ. அல்லது 1995இல் டேனி காஸ்பரோவ்ஸ்கி எழுதிய ஸ்லர்ப். வீட்டுப் பக்கம் டாஸ்மேனியாவில் பீட்டர் டாட்டம் எழுதிய டிரம்பெட் வின்சாக். இரண்டும் சேர்ந்து, வீட்டுக் கணினி இணையத்தின் முழு அங்கத்தினன் என்ற பிரமையை மொசைக்குக்கு ஊட்டின. ஸ்லர்ப்பும் டிரம்பெட்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை என்பது எனக்கு எப்போதும் ஒரு சுவாரஸ்யமான விஷயம். தூரத்திலிருக்கும் தேசத்தாருக்குத்தான் மெலிந்த கம்பியின் அருமை தெரியும் போலும். டாட்டத்தின் நிரலை உலகமே உபயோகித்தது. காசு கொடுத்தவர்கள் சொற்பம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான் இரண்டாம் ஜாதியைத் தேர்ந்தேன். இந்த வழியில் கம்பிக்குள் ஓடிய நெறிக்கு ஸ்லிப் என்று பெயர். 1988இல் ஜான் ராம்கி அதைச் சில பக்கங்களில் எழுதிவைத்தார். நெறி என்று சொல்வதற்கே கூச்சப்படும் அளவு எளிமையானது. பொட்டலத்தை அப்படியே பைட் பைட்டாக அனுப்பு. முடிந்ததும் 192 என்ற எண்ணை அனுப்பு. பொட்டலத்துக்குள்ளேயே 192 இருந்தால்? அதற்குப் பதிலாக 219, 220 என்று இரண்டு எண்களை அனுப்பு. உள்ளே 219 இருந்தால் 219, 221. அவ்வளவே. பிழை காணும் ஏற்பாடு இல்லை, முகவரி கேட்கும் வழி இல்லை, சுருக்கமும் இல்லை. தலைப்பைச் சுருக்கும் வித்தையைப் பின்னால் வான் ஜேகப்சன் சேர்த்துக் கொடுத்தார்: ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் நாற்பது பைட் முகவரிச் சுமை இருந்ததை, முந்திய பொட்டலத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் சொல்லி, மூன்று முதல் ஐந்து பைட்டுக்குள் அடக்கிவிட்டார். 1990இல் அவர் எழுதிய அந்த அறிக்கையைப் படித்தபோது, கஷ்டத்தில் செட்டாகக் குடித்தனம் நடத்தத் தெரிந்தவர் இவர் என்று மனத்துக்குள் நமஸ்காரம் செய்தேன்.

எல்லாம் சரியாக நிறுவியும் ஒரு பொட்டலம்கூட உருப்படியாக வந்து சேரவில்லை. காரணம் என் வீட்டிலும் இல்லை, தூரத்து யந்திரத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, தொலைபேசி அழைப்புகளை வாங்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த டெர்மினல் சர்வரில் இருந்தது. அது மனிதர்கள் ஆங்கிலத்தில் தட்டச்சிடுவதற்காக அமைக்கப்பட்ட கருவி. ஆங்கிலத்துக்கு 128 குறிகள் போதும். ஏழு பிட்டில் அடங்கிவிடும். ஆகவே எட்டாவது பிட்டை அது பிழைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. 200 என்ற எண்ணை அனுப்பினால் மறுமுனையில் 72 வந்தது. போதாக்குறைக்கு 17, 19 என்ற எண்களைத் தனக்கு இடப்பட்ட கட்டளைகளாகப் பாவித்தது: 19 வந்தால் நிறுத்து, 17 வந்தால் தொடர். படத்துக்குள் தற்செயலாக ஒரு 19 இருந்தால் இணைப்பே மௌனமாகிவிடும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தனக்கு விளங்காத ஒன்றைத் தொடாமல் கடத்திவிடும் பண்பு, நடுவில் நிற்கும் யந்திரங்களுக்கும் சரி, நடுவில் நிற்கும் மனிதர்களுக்கும் சரி, மற்றெல்லாச் சாமர்த்தியத்துக்கும் மேலான குணம் என்று அன்று கொண்ட அபிப்பிராயம் எனக்கு இன்றும் மாறவில்லை.

பரிகாரம் இருந்தது. மோடத்தின் அமைப்பை எட்டு பிட், சோதனை பிட் இல்லை என்று மாற்றி, நிறுத்து-தொடர் வேலையை எழுத்துகளிடமிருந்து பிடுங்கித் தனிக் கம்பிகளிடம் ஒப்படைத்து, உள்ளே போகும் கட்டளையோடு ஒரு கோட்டையும் 8 என்ற எண்ணையும் சேர்த்துத் தட்டினால், வழி முழுவதும் எட்டு பிட்டும் சேதமில்லாமல் போகும். அந்த ஒற்றை இலக்கத்தை நான் ஒரு காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன்.

அடுத்த குறை என் கணினிக்குள்ளேயே இருந்தது. சீரியல் போர்ட்டின் பின்னே பைட்டுகளை வாங்கும் சில்லு பழைய ரகம். அதில் ஒரே ஒரு பைட் நிற்கத்தான் இடம். ஒரே கோப்பை வைத்துத் தேத்தாரே ஊற்றும் கடையைப் போல, வாங்கியவர் குடித்துமுடித்துக் கோப்பையைத் திருப்பித் தருவதற்குள் அடுத்ததை ஊற்றினால் அது தரையில்தான் கொட்டும். விண்டோஸ் 3.1 திரையைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது கோப்பையைத் திருப்பித் தரச் சற்றுத் தாமதிக்கும். அந்தக் கணத்தில் வந்த பைட் தொலைந்தது. 16550ஏ என்ற சில்லில் பதினாறு பைட் நிற்கலாம். அது பதித்த அட்டை ஒன்றைத் தேடி ஒரு சனிக்கிழமை சிம் லிம் டவருக்குப் போனேன். கடைக்கார முதியவர் கண்ணாடிப் பேழைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து, சில்லின் முதுகில் பொறித்திருந்த எண்ணைப் பூதக்கண்ணாடியால் எனக்கே காட்டி, கடைசி எழுத்தின்மேல் விரலை வைத்து, "ஏ இருக்கணும், இல்லாத சரக்கு வேலைக்காகாது" என்ற கருத்தை ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னார். அது மெய். அந்த எழுத்து இல்லாத ஆரம்ப ரகச் சில்லில் பதினாறு பைட் இடம் இருந்தும் அது ஒழுங்காக வேலை செய்யாது. இந்த நுட்பம் எங்கள் ஆய்வறையில் பட்டம் பெற்றவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மொசைக் வீட்டில் ஓடிற்று. படங்களைக் காட்டாதே என்று அதற்குக் கட்டளையிட்டு, பொட்டலத்தின் உச்ச அளவை 296 பைட்டாகக் குறைத்து வைத்ததும் நடை ஒழுங்காயிற்று.

ஆனால் படங்களை நிறுத்தியதும் தமிழ் மறைந்துபோயிற்று. அன்று வலையில் கண்ட தமிழில் பெரும்பகுதி படமாகவே இருந்தது. எழுதியவர் தம் கணினியில் தட்டச்சிட்டு, அதைப் படம் பிடித்து ஏற்றிவிடுவார். ஒரு பக்கக் கவிதை எழுத்தாக இருந்தால் ஆயிரத்தைந்நூறு பைட், என் கம்பியில் ஒரு விநாடி. அதுவே படமானால் முப்பதாயிரம், இருபது விநாடிக்கு மேல். தமிழைத் தமிழ் எழுத்தாகவே அனுப்பவேண்டும் என்ற கொள்கைக்கு மொழிப்பற்று காரணமாக இருந்திருக்கலாம். எனக்கு அதைப் போதித்தது தொலைபேசிக் கட்டணம்.

அந்தக் கொள்கை நிறைவேறியதும் இவ்வூரிலேதான். எழுத்தாளரும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோரோடு கூடி, சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்றின் தமிழ்ப் பகுதியை வலையில் ஏற்றினார். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கிவைத்தார். நான்கு மொழிகளில் ஒன்றாகத் தமிழ் அங்கே நின்றது. கணியன் என்ற பெயரில் கோவிந்தசாமி செய்த மென்பொருளும் எழுத்துருவும் பிறகு பலருக்குப் பழக்கமாயின. 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு இங்கே கூடியதற்கும் அவரே மூலகாரணர்களில் ஒருவர். 1999 மே மாதத்தில், இந்த வேலையெல்லாம் சூடுபிடித்துக்கொண்டிருந்த சமயத்தில், அவர் காலமானார்.

எங்கள் மாடியிலேயே ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். யந்திரங்களின் மேல் அவருக்கு விரோதம் கிடையாது, நம்பிக்கையும் கிடையாது. வலையில் தமிழ் வருகிறது என்று நான் சொன்னதைச் சோதிப்பதற்காகவே ஒரு மாலை வந்தார். எழுத்துருவை நிறுவி, நெட்ஸ்கேப்பில் அதைத் தேர்ந்து, பக்கத்தை அழைத்தேன். மேலிருந்து கீழாக வரிகள் வரத் தொடங்கின.

"தம்பி, இது படமா, எழுத்தா?"

"எழுத்துதான் ஐயா. படமென்றால் இந்நேரம் முதல் வரியின் தலைதான் தெரிந்திருக்கும்."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு திரைக்கு மிக அருகில் குனிந்தார். "எழுத்தென்றால் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டலாமா?"

ஒட்டிக் காட்டினேன்.

"அப்படியானால் திருத்தலாமே! படத்தில் ஒற்றுப்பிழை இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானே?"

கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள் பைட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்துக்கு, அவர் ஒரே வாக்கியத்தில் அதைவிடச் சிறந்த நியாயத்தைச் சொல்லிவிட்டார். அடுத்த கவிதையை அழைத்தபோது ஈசூனிலிருந்து என் மனைவியின் அக்காள் தொலைபேசியில் அழைத்தார். காத்திருப்பு மணி ஒரு முறை ஒலிக்க, மோடம் இணைப்பை அறுத்துக்கொண்டது. "ஐயாவுக்குக் காப்பி கொடுத்துப் பேசிக்கிட்டு இருங்க, அக்கா வெச்சதும் திரும்பப் போடலாம்" என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். அந்த உரையாடல் இலேசில் முடியவில்லை.

ஆசிரியருக்கு ருசி பிடித்துவிட்டது. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் எழுத்தாகவே வரத் தொடங்கியதும், அவருடைய மகன் கழித்துப்போட்ட ஒரு மடிக்கணினியோடு வந்தார். நான்கு மெகாபைட் நினைவகம், விண்டோஸ் 3.1, மோடம் இல்லை, வலையட்டை செருக வழியில்லை. முதுகில் ஒன்பது முள் சீரியல் போர்ட் மட்டும். இதை என் மேசைக் கணினியோடு நேரே கம்பியால் பிணைத்துவிடுவதென்று தீர்மானித்தேன். அனுப்பும் முள்ளையும் வாங்கும் முள்ளையும், அதாவது மூன்றையும் இரண்டையும், குறுக்கே மாற்றி, ஐந்தை ஐந்தோடு நேராக, ஏழையும் எட்டையும் மறுபடி குறுக்கே. சமையலறை மேசையில் பழைய தமிழ் முரசுத் தாளை விரித்து, ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். பிசின் புகை கிளம்பி, பக்கத்து அடுப்பில் வெந்துகொண்டிருந்த சாம்பாரின் மணத்தோடு கலந்ததற்கு நான் பட்ட வசையை இங்கே விவரிப்பதற்கில்லை.

மடிக்கணினியின் சில்லு ஒற்றைக் கோப்பை ரகம். ஆகவே கம்பி விநாடிக்கு 115,200 பிட் தாங்கும் என்றாலும் 19,200இலேயே நிறுத்தினேன். உலாவிதான் சங்கடம் செய்தது. நான்கு மெகாபைட்டில் ஓடக்கூடியது நெட்ஸ்கேப்பின் முதல் பதிப்பு ஒன்றே. ஆனால் 1998க்குள் ஒரே முகவரியில் பல தளங்கள் குடியிருக்கத் தொடங்கிவிட்டன. கேட்பவர் வீட்டு எண்ணோடு ஆளின் பெயரையும் சொல்ல வேண்டும். பழைய உலாவிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எந்தத் தளத்தைக் கேட்டாலும் வேறொருவரின் முகப்பு வந்து நின்றது. மேசைக் கணினியில் லினக்ஸ் இருந்தது. அதில் பெர்ல் மொழியில் ஒரு சிறு இடைத்தரகனை எழுதினேன்: உலாவி முழு முகவரியையும் இவனிடம் சொல்லும்; இவன் பெயரையும் சேர்த்து வெளியே கேட்பான்; வருகிற பக்கத்திலிருந்து படங்களையும், பழைய உலாவிக்கு விளங்காத அலங்காரங்களையும் உரித்துவிட்டு, எழுத்தை மட்டும் கம்பியில் தள்ளுவான். சற்று முன்பு இடைநிற்பவர்களின் குணத்தைப் பற்றி உபதேசித்தவன் நானே இப்படி ஓர் உரிக்கும் தரகனை வைத்தது முரண்தான். எட்டாவது பிட்டின்மேல் மட்டும் அவன் கைவைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் உருவாகிவந்த திஸ்கி குறியேற்றத்தின் அட்டவணை கைக்கு வந்தபோது, ஒரு கூத்தைக் கண்டேன். அதில் ரோமன் எழுத்துகள் தம் பழைய இடத்திலேயே இருக்க, தமிழ் 128க்கு மேலே குடியேறியிருந்தது. தமிழ் என்ற சொல்லுக்கு அங்கே 190, 193, 162, 250 என்று நான்கு எண்கள். பழைய டெர்மினல் சர்வர் இவற்றின் எட்டாவது பிட்டைச் சீவியிருந்தால், 62, 65, 34, 122 ஆகி, ஒரு 'பெரிது' குறி, ரோமன் நெடுங்கணக்கின் முதல் எழுத்து, ஓர் இரட்டை மேற்கோள் குறி, அதே நெடுங்கணக்கின் கடைசி எழுத்து என்று திரையில் நின்றிருக்கும். அது போகட்டும். பகரத்துக்கு அட்டவணையில் கொடுத்திருந்த எண் 192. ஸ்லிப் நெறியில் பொட்டலத்தின் முடிவைக் குறிக்கும் எண் எதுவோ, அதே எண். ஆகவே ஆசிரியர் படித்த பக்கங்களில் ஒவ்வொரு பகரமும் என் கம்பியில் இரட்டை விலை கொடுத்துத்தான் பிரயாணம் செய்தது. னுகரத்தின் எண் 219; அதற்கும் அதே தண்டனை. இதைச் சொன்னபோது ஆசிரியர் சிறிதும் சிரிக்காமல், "பாவம், வல்லினத்தில் பகரத்துக்கு மட்டுமா?" என்று விசாரித்தார். ஆமாம், அதற்கு மட்டும்தான்.

இன்று திஸ்கியும் வழக்கொழிந்து, எல்லாம் யூனிகோடு. ஸ்லர்ப்பின் நிரல் க்யூஎமு என்னும் மெய்நிகர் கணினிக்குள் இன்னும் உயிரோடிருக்கிறது. அதற்குள் ஓடும் விருந்தாளி யந்திரங்களுக்கு 10.0.2.15 என்ற அதே பொய் முகவரியை வழங்கிக்கொண்டிருக்கிறது. என் மருமகன், பட்டன் அளவுள்ள மின் அட்டைகளைக் கணினியோடு பேச வைப்பதற்கு, அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, தரைக்கு ஒன்று என்று மூன்று கம்பிகளைத்தான் செருகுகிறான். போன வாரம் அவனுடைய அட்டையிலிருந்து ஸ்லிப் வழியாகத் தமிழ்ப் பக்கம் ஒன்றை எடுக்க முயன்றபோது, பழைய கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தேன். யூடிஎஃப்-8இல் பகரம் 224, 174, 170 என்று மூன்று பைட். தமிழெழுத்து எதை எடுத்தாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128 முதல் 191 வரையில். 191க்கு மேலே அது போவதே இல்லை. 192 ஒருக்காலும் வராது, 219உம் வராது. தமிழ் எழுத்துகளில் ஒன்றுக்கும் ஸ்லிப்பிடம் இனி அபராதம் கிடையாது. எல்லா எழுத்துகளும் சமமாக மும்மடங்கு கொடுக்கின்றன.